விரிசலுக்கு ஒரு தேதி

மண்ணடியில் இறங்கி
லிங்கிச் செட்டித் தெருவுக்குள் போனால்
மீன்பாடி வண்டிக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவே
தலை நிமிர நேரமிருக்காது.
நிமிர்ந்தால்தான் தெரியும்
முதல் மாடியின் பச்சை மரச்சட்டங்கள்,
அதற்கும் மேலே இரண்டு சுதைச் சிங்கங்கள்.
ஒன்றின் மூக்கில் கேபிள் ஒயர் கட்டியிருக்கிறது.

நிமிர்ந்து பார்ப்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.
கையில் டேப், டார்ச்,
இருபத்தாறு கட்டங்களுள்ள படிவம்.
கட்டிய ஆண்டு: தெரியவில்லை.
உத்தரம்: பர்மா தேக்கு.
கூரை: மெட்ராஸ் டெரஸ், கசிவு உண்டு.
தரம்: இரண்டு பி, தற்போதைக்குப் பென்சிலில்.
முகப்பில் கை வைக்கக் கூடாது,
உள்ளே மாற்றிக்கொள்ளலாம் என்று அதற்குப் பொருள்.

உரிமையாளர் ஸ்ரீஹரி அண்ணாநகரிலிருந்து வந்திருந்தார்.
மரியாதையான மனிதர், டிகிரி காபி வரவழைத்தார்.
"எனக்கும் பாசம் இருக்கு மேடம்.
ஏழு வாடகையும் சேர்த்தா
மொட்டைமாடிக்குத் தார் பூசக்கூடக் காணாது."
பொய்யில்லை, கணக்கைக் காட்டினார்.

மொட்டைமாடியில்
மழைத்தண்ணீர்க் குழாய்க்குள் சிமென்ட் சாக்கு.
தானாக வந்து சொருகிக்கொண்டதுபோல் இருந்தது.
கைப்பிடிச் சுவரில் ஓர் அரசங்கன்று
யாரோ தினமும் ஊற்றி வளர்த்த செழிப்பில்.
இடிக்க அனுமதி கேட்டால் நாங்கள் மறுப்போம்.
ஐப்பசி மழை யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.
நாலு வருஷம் ஒழுகினால் போதும்,
"அபாயகரமானது" என்று
நாங்களே எழுதித் தருவோம்.

படிக்கட்டுச் சுவரில் விரிசல்,
என் கட்டைவிரல் நுழைகிற அகலம்.
குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டு ஒட்டி
மார்க்கரில் தேதி போட்டேன்.
சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும்.
உடையாவிட்டால் அது பழைய தழும்பு,
யாருக்கும் தொந்தரவில்லை.

கீழே ஜக்கரியாவின் ரப்பர் ஸ்டாம்ப் கடை,
அகலத்தில் ஒரு கட்டில்.
"உங்க ஆபீஸ் சீல் எல்லாம் இங்க போட்டதுதான்மா"
என்று நோட்டைப் பிரித்தார்.
ஊதா மையில் வரிசையாக
பரிசீலனையில் உள்ளது
நிராகரிக்கப்பட்டது
கோப்பு முடிக்கப்பட்டது.
படிவத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"உள்ளே மாத்திக்கலாம்னு போட்டிருக்கீங்க.
நான் உள்ளேதானே இருக்கேன்?"
காபி ஆறிவிட்டது என்று சொல்லி
எழுந்து வந்துவிட்டேன்.

மூன்று மாதத்தில் திரும்பியிருக்க வேண்டும்.
அதிகாரி மாறினார்,
கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை,
கோப்பு எங்கோ ஒரு மேஜையில் மழைக்காலம் கழித்தது.
தை பிறந்த பிறகுதான் போனேன்.

என் கண்ணாடி இரண்டாகி இருந்தது.
அதற்குக் கீழே இன்னொன்று,
அதற்கும் கீழே இன்னொன்று.
பக்கத்துக் கடை செல்போன்களுக்கு ஒட்டுகிற கண்ணாடி
பட்டை பட்டையாக வெட்டப்பட்டு
விரிசல் நெடுகப் பூரான் கால்களாய்.
ஒவ்வொன்றின் ஓரத்திலும் தேதி முத்திரை, ஊதா மை.
நவம்பரில் மூன்று உடைந்திருந்தன,
டிசம்பர் முதல் வாரம் ஒன்று.
பிறகு ஒட்டிய ஐந்தும் முழுசு.

மாடிக்கு ஏறினேன்.
சாக்கு வெளியே கிடந்தது, வெயிலில் விறைத்து.
குழாய்க்குள் டார்ச் அடித்தால்
தெரு தெரிந்தது.
அரசங்கன்று மட்டும் அப்படியே.
"அதப் புடுங்க மனசு வரல,
நீங்க வேணா எழுதிப் புடுங்குங்க" என்றார்.

இருபத்தாறு கட்டங்களில்
எதிலும் இது அடங்கவில்லை.
ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதினேன்:
படிக்கட்டுச் சுவர், விரிசல் நின்றிருக்கிறது.
நிறுத்தியவர், தரைத்தளம்.

மேலே போனதும் அந்த வரியை அடித்துவிடுவார்கள்.
அடித்ததன் பக்கத்தில் குத்துகிற சீல்
எந்தக் கட்டில் அகலக் கடையில் செய்தது என்று
எனக்குத் தெரியும்.